வாக்கி டாக்கியில் பாடிய ரஷ்யாக்காரன்

கோர்பிவாரா,
நவம்பர் முதல் வாரம்.

அன்பு மகன் இல்மாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நாய் முஸ்தியும் நலமாகவே இருக்கிறோம், அங்கே நியூசிலாந்தில் நீயும் ஹேசலும் குட்டிப் பெண்ணும் நலம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு. போன வாரம் பனி விழுந்தது, வந்த விருந்தாளி காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிய மாதிரி உடனே கரைந்தும் போய்விட்டது, இப்போது முற்றம் முழுக்கச் சேறு, முஸ்தி அதைக் கால்களில் அள்ளிவந்து வீட்டுக்குள் கொட்டுகிறது. என் முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். போட்ட டாக்டர் பெண்ணைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று சொல்லத் தோன்றும், ஆனால் கைராசிக்காரி, இப்போது படி இறங்க முடிகிறது. அனுப்பிய கம்பளிக் காலுறையை அங்கே வசந்தகாலம் என்று பெட்டியில் பூட்டி வைக்காதே, வசந்தத்தில்தான் சளி பிடிக்கும். உப்பு மிட்டாயை ஹேசல் வாயில் போட்ட வேகத்திலேயே துப்பினாள் என்று எழுதியிருந்தாய், அதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் விழுந்து விழுந்து சிரிப்பது எப்படி என்று உனக்குத் தெரியுமே, மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொள், கையில் சூடான எதையும் வைத்துக்கொள்ளாதே. ஊரில் நடந்ததை வேறு யாராவது உனக்கு அரைகுறையாகச் சொல்வதற்கு முன் நான் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். உன் அப்பா பாடுகிறார். ஆமாம், உன் அப்பாதான். மூஸ் மான் வேட்டைச் சங்கத் தலைவர் தைஸ்தோ, கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கே தலையை மட்டும் ஆட்டிவிட்டு நின்ற மனிதர். நம் ஊர் ஆண்கள் பாட மூன்றே இடம்தான் உண்டு, தேவாலயத்தில் வாயை அசைக்கலாம், பட்டாளத்தில் நடந்துகொண்டே கத்தலாம், புட்டி காலியான பிறகு யார் தோளிலாவது சாய்ந்து அழுதுகொண்டே பாடலாம். நிதானத்தில், பட்டப்பகலில், ஒரு ஆண் சும்மா பாடினால் அவனுக்கு எங்கேயோ ஆணி கழன்றுவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் இவர் இத்தனை வருஷமாகத் திருட்டுத்தனமாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார், கூடவே குடித்தனம் நடத்திய எனக்கே தெரியாது. இன்னொரு பெண்ணோடு பழகியிருந்தால்கூட ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வேட்டை. வழக்கம்போல நானும் பக்கத்து வீட்டு ஆவுனேவும் வேட்டைக் குடிலில் சாஸேஜ் சூப் வைத்துக்கொண்டிருந்தோம். எத்தனை மணிக்கு எத்தனை பேர் பசியோடு வருவார்கள் என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு வாக்கி டாக்கியை உப்பு ஜாடி பக்கத்தில் வைத்திருப்போம். காட்டில் ஒவ்வொருவரும் அவரவர் பரண்மீது தனியாக உட்கார்ந்திருந்தார்கள், சூலோ மட்டும் நாயோடு நடந்து மூஸைக் கிளப்பிக்கொண்டிருந்தான். திடீரென்று ரேடியோவில் கரகரவென்று சத்தம், அதற்குள்ளிருந்து ஒரு பாட்டு. டாங்கோ மெட்டு, சோகமான மெட்டு, சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல். ஆவுனே கரண்டியை நிறுத்திவிட்டு, “என்னடி மைரே, யாரோ ரேடியோ ஸ்டேஷனைத் திருப்பி வச்சுட்டாங்களா?” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவ்வளவு உருகிப் பாடுகிறானே, இவன் பெண்டாட்டி கொடுத்து வைத்தவள் என்றுகூட நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அப்புறம் ஒரு சரணம் முடிந்ததும் அந்த ஆள் தொண்டையைக் கனைத்தான். அந்தக் கனைப்பை எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் குளியலறையிலிருந்து வருகிற கனைப்பு. உருளைக்கிழங்கு என் கையிலிருந்து நழுவிச் சூப்பில் விழுந்து ஆவுனே முகமெல்லாம் தெறித்தது.

நடந்தது இதுதான். ரேடியோவை நெஞ்சுப் பையில் வைத்திருக்கிறார், அதே பையில் காப்பி பிளாஸ்கையும் செருகியிருக்கிறார், பிளாஸ்க் ரேடியோவின் பேசுகிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லோரிடமும் வேட்டைக்கு முன்னால் ரேடியோவை இடுப்பில் மாட்டு, பையில் போடாதே என்று பாடம் எடுப்பவர் இவர்தான், ஆனால் காப்பி ஆறிவிடக் கூடாதே, நெஞ்சுச் சூட்டில் இருக்க வேண்டுமே. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆகவே, தைஸ்தோ, உன் ரேடியோ திறந்திருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. காடு முழுக்க, பரணுக்குப் பரண், ஆரஞ்சுத் தொப்பி போட்ட தடித்தடி ஆண்கள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவை அணைக்கலாமே என்பாய். ஒருவர்கூட அணைக்கவில்லை, அதை நான் அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கண்ணா, அந்தப் பாட்டின் வார்த்தைகளும் அவருடையவைதான், அவரே கட்டியது. முழுதாக எழுதமாட்டேன், அது அவர் சொத்து. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும், அந்தப் பாட்டு உன்னைப் பற்றியது. கடலுக்கு அப்பால் வசந்தம் என்கிறார்கள், இங்கே என் தொப்பியில் மழை சொட்டுகிறது என்று ஆரம்பிக்கிறது. பிறகு, விமான நிலைய வாசலில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் மகனே என்று வருகிறது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பெட்டியோடு நிற்கிறாய், இவர் டயரில் காற்று குறைவு என்று குனிந்தவர் நிமிரவே இல்லை. பிள்ளை உலகத்தின் அந்தக் கோடிக்குப் போகிறான், இந்த மனுஷனுக்கு டயர்தான் பெரிதாகப் போய்விட்டது என்று திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். நீயும் மனதில் என்ன நினைத்துக்கொண்டு விமானம் ஏறினாயோ தெரியாது. டயரில் காற்று சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான் சூப்புப் பானை பக்கத்தில் நின்று அழுதேன், ஆவுனேவும் அழுதாள், சூப்புக்கு அன்றைக்கு உப்பே போடவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட வந்தார்கள். மூஸ் இல்லாமல் வெறுங்கையோடு வந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, சூலோவின் நாய் ஒரு பெரிய ஆண் மூஸைக் கிளப்பி நேராகப் பெந்தி மாமாவின் பரணுக்குக் கீழே ஓட்டி வந்திருக்கிறது, அது அவர் கண்முன்னே நிதானமாக நடந்து ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது, அவர் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. சங்கத்திலேயே குறி தவறாதவர் என்று பெயர் வாங்கியவர். ஏன் சுடவில்லை என்று கேட்டதற்கு, “வெயில் கண்ணுல அடிச்சுதுப்பா” என்றார். அன்றைக்குக் காலையிலிருந்து மழை. எல்லோரும் சூப்புக் கிண்ணத்துக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்திருந்தார்கள். உன் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, தலைவர் தோரணையில், “ஏன்யா, காலையிலேருந்து ஒருத்தனும் ரேடியோவுல வாயே திறக்கல, தூங்கிட்டீங்களா?” என்று அதட்டினார். கரண்டிகள் நின்றன. கடைசியில் பெந்தி மாமா, “லைன்ல யாரோ பாடிக்கிட்டே இருந்தான் தைஸ்தோ. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் போல. ரஷ்யாக்காரன்” என்றார். உடனே எல்லோரும், ஆமாமாம் ரஷ்யாக்காரன்தான், ரஷ்யாக்காரனேதான் என்று தலையாட்டினார்கள். நம் ஊர்ப் பேச்சில், நம் ஊர் மழையைப் பற்றிப் பாடுகிற ரஷ்யாக்காரன்! அப்பா மெதுவாகக் கையை நெஞ்சுப் பைக்குக் கொண்டுபோனார், பிளாஸ்கைத் தொட்டார், ரேடியோவைத் தொட்டார். முகம் பீட்ரூட்டாகிவிட்டது. டிரெய்லரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர் திரும்பி வரவில்லை, எங்கள் காரிலேயே உட்கார்ந்துவிட்டார், சூப்பை நான்தான் முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “வேற ஒருத்தனைத் தலைவனா வச்சுக்கச் சொல்லு. இனிமே நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் காட்டுக்குப் போவேன்” என்றார். அதோடு கோடாரியை எடுத்துக்கொண்டு போய் விறகு பிளக்க ஆரம்பித்தவர்தான், மறுநாளும் பிளந்தார், அதற்கு மறுநாளும் பிளந்தார், இப்போது நம் வீட்டில் இருக்கிற விறகு உன் பேரப்பிள்ளைகள் வந்து எரிக்கிற அளவுக்கு இருக்கிறது. எனக்குத் தொப்பியைப் பற்றிக் கவலையில்லை, யார் தலைவனாக இருந்தாலும் மூஸுக்குச் சாவு ஒன்றுதான். சவ்னாவில் குளிக்கும்போது அவர் சொன்னதுதான் கவலை. நீராவியில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம், நான் சும்மா, ஏம்ப்பா தைஸ்தோ, எத்தனை நாளா இந்தக் கூத்து என்று கேட்டேன். சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சொன்னார். சின்ன வயதில் அவரிடம் ஒரு அக்கார்டியன் வாத்தியம் இருந்ததாம், உன் தாத்தா ஆம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அதைக் கொடுத்துவிட்டு ஒரு மரம் அறுக்கும் ரம்பம் வாங்கிவந்து கையில் கொடுத்தாராம். அன்றையிலிருந்து மரம்தான் வெட்டுகிறார், மரம் வெட்டும் இயந்திரத்தின் கேபினில் கதவைச் சாத்திக்கொண்டால் எஞ்சின் சத்தத்தில் வெளியே கேட்காது, அதனால் அங்கே பாடுவாராம். “அங்க நான் எப்படி இருக்கணும்னு யாரும் சொல்லமாட்டாங்க மைரே. இனி அதுவும் வேணாம், போதும்” என்றார். போதும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இந்த மனுஷன் பாட்டாகத்தான் வைத்திருக்கிறார், அதையும் மூடிவிட்டால் பிறகு எந்த வழியாக உன்னிடம் வரும்? அதுதான் என் பயம்.

அந்த வாரமே சூலோ வந்தான். எப்போதோ இரவல் வாங்கிப்போன கார் ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறானாம், நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். காப்பி குடித்தான், இன்னொரு காப்பி குடித்தான், ஜன்னலைப் பார்த்தான். அவன் இருக்கிற தடிமனுக்கு நாற்காலி முனகியது. கடைசியில் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, “அண்ணே, அந்த ரஷ்யாக்காரன் பாடினானே, ரெண்டாவது சரணம் ஆரம்பம் எப்படி வரும்? ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன், வரமாட்டேங்குது” என்று கேட்டான். அப்பா கையில் வைத்திருந்த பேப்பரை மடித்தார், விரித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேக் வெட்டினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பாடாமல், சும்மா விலாசம் சொல்கிற மாதிரி அந்த வரியைச் சொன்னார். சூலோ உதடு அசைய அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டான். மறுநாள் பெந்தி மாமா டிராக்டரிலேயே வந்தார், எஞ்சினை அணைக்காமல், இறங்காமல், சத்தத்துக்கு மேல் கத்தினார். மூஸ் விருந்துக்கு வருஷா வருஷம் வாசிக்க வருகிற ஆள் போன தடவை தாளம் தப்பிவிட்டான், அவனைக் கூப்பிடப் போவதில்லை, “அந்த ரஷ்யாக்காரன் கிடைப்பானான்னு விசாரிச்சுச் சொல்லு தைஸ்தோ! நீதான் தலைவன், நீதான் பார்க்கணும்!” அப்பா கோடாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்புறம் அவரும் கத்தினார், “அவன் வருவானான்னு தெரியல! கூச்சக்காரன்!” என்று. பெந்தி மாமா, “எவன்தான் இல்ல!” என்று சொல்லிவிட்டு டிராக்டரைத் திருப்பினார். இவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்டால் வானம் இடிந்து விழுந்துவிடும், நடுவில் ஒரு பாவப்பட்ட ரஷ்யாக்காரன் இருந்தால் எல்லாம் பேசலாம்.

விருந்து போன சனிக்கிழமை ஊர் மண்டபத்தில். வேட்டைக்கு நிலம் விட்டவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், குழந்தை குட்டியெல்லாம் வந்திருந்தது. பெரிய பானையில் மூஸ் சூப், கறுப்பு ரொட்டி, காப்பி, என் கேக். அப்பா எழுந்து வழக்கமான தலைவர் உரையை ஆற்றினார், நிலம் தந்தவர்களுக்கு நன்றி, சூப் இருக்கிறது, வரிசையில் வாருங்கள், அவ்வளவுதான் எப்போதும். ஆனால் இந்தத் தடவை உட்காரவில்லை. நின்றார். வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. ஒரு குழந்தை கரண்டியால் கிண்ணத்தைத் தட்டுகிற சத்தம் மட்டும். அவர் கழுத்து சிவந்து, காது சிவந்து, எனக்கு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது, அப்படிச் செய்தால் அந்த இடத்திலேயே செத்துவிடுவார் என்றும் தோன்றியது. அப்போது பெந்தி மாமா எழுந்தார். பையிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்து அப்பா கையில் வைத்தார், “பின்னாடி விறகுக் கொட்டகை காலியாத்தான் இருக்கு. அங்க லைன் நல்லாக் கிடைக்கும்” என்றார். அப்பா அதை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

அப்புறம் ஒவ்வொரு வேட்டைக்காரனும் தன் பையிலிருந்து ரேடியோவை எடுத்துச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான். எல்லா மேஜையிலிருந்தும் உன் அப்பா பாடினார், இல்மாரி. என்ன குரல் என்கிறாய், அன்றைக்குக் காட்டில் கேட்டதைவிட நன்றாக இருந்தது, நடுங்கத்தான் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. மழை வந்தது, டயர் வந்தது, மகனே என்று வந்தது. பெந்தி மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சூப்பில் யார் இவ்வளவு வெங்காயம் போட்டது என்று என்னைப் பார்த்து முறைத்தார். அவருடைய மூத்த மகன் கனடா போய்க் கடிதமே போடுவதில்லை, உனக்குத் தெரியும். பாட்டு முடிந்தது, யாரும் கை தட்டவில்லை, கை தட்டினால் பாடியது யார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. அப்பா உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ரொட்டியைக் கிள்ளினார். “ரஷ்யாக்காரனுக்கு இன்னைக்குத் தொண்டை நல்லா இருந்துச்சு” என்றார் பெந்தி மாமா. அப்பா, “ம்” என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பார்த்தால் சூலோ எழுந்து, காதுவரை சிவந்து, மேஜையிலிருந்த ரேடியோவை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போகிறான். அவன் பாடி முடித்துத் திரும்புவதற்குள் கொட்டகை வாசலில் இன்னொருவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஆரஞ்சுத் தொப்பிகள் கழிப்பறைக்கு நிற்கிற மாதிரி வரிசையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தூறலில் நின்றன. நாங்கள் பெண்கள் உள்ளே உட்கார்ந்து, இது யார், அது யார் என்று கண்டுபிடித்துக்கொண்டே காப்பி குடித்தோம். பாதிப் பேர் பாடியது பாட்டே இல்லை, கன்றுக்குட்டி தொலைத்த மாடு மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

ஒன்று கவனித்தேன். அன்றைக்குக் காட்டிலும் சரி, மண்டபத்திலும் சரி, அப்பா கடைசிச் சரணத்தைப் பாடவில்லை. சரணம் ஒன்று பாக்கி இருக்கிறது என்று மெட்டைக் கேட்டாலே தெரியும், அந்தரத்தில் நிறுத்திவிட்டார். காரில் வரும்போது ஏன் என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அது ஊருக்கு இல்ல, அவனுக்கு” என்றார். அவனுக்கு என்றால் நேரில் பாட வேண்டியதுதானே என்றேன், அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கு எப்படி என்று வண்டியை வேகமாக ஓட்டினார். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார், அது வேறு விஷயம்.

நீ ஞாயிறு காலை எங்கள் காப்பி நேரத்துக்குக் கூப்பிடுவாய், மணி அடித்ததும் எடுப்பது அவர்தான். பனி வந்திருச்சா, வந்திருச்சு, வண்டி ஓடுதா, ஓடுது, சரி இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன். இத்தனை வருஷமாக இதுதானே உங்கள் இரண்டு பேரின் பேச்சு. ஆகவே நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் ஞாயிறு காலையில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஆவுனே வீட்டுக்குப் போய்விடுவேன், இந்த வாரம் நடக்கவில்லையென்றால் அடுத்த வாரமும் போவேன், அவளுக்கும் பேச்சுத் துணை வேண்டும். அம்மா இல்லையே என்று அவர் திணறுவார், நீ போனை வைத்துவிடாதே. முகம் தெரிகிற வீடியோவெல்லாம் போடாதே, சும்மா காதில் வைத்துக்கொள். அந்த ரஷ்யாக்காரன் இருக்கிறானா என்று கேள். அவர் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, உனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம், கூடச் சேர்ந்து பாடி மட்டும் கெடுத்துவிடாதே.

கடவுள் உன்னையும் ஹேசலையும் குட்டியையும் எப்போதும் நல்லபடி வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, படகு எஞ்சினில் கை விடும்போது மோதிரத்தைக் கழற்றி வை, காலுறையைப் போட்டுக்கொள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா மைரே

பி.கு.: அந்தக் கடைசிச் சரணத்தை நானும் இன்னும் கேட்கவில்லை. நீ கேட்ட பிறகு நான் எவ்வளவு கெஞ்சினாலும் எனக்குச் சொல்லாதே.